இமை மறைத்த மேல்பாதி

மச்சான் முகத்தில் எப்போதும் ஓர் ஆச்சரியம் இருந்தது. குழம்பில் உப்பு குறைவு என்றாலும் ஆச்சரியம், டீசல் விலை ஏறிவிட்டது என்றாலும் ஆச்சரியம், ஒன்றுமே சொல்லாமல் எதிரே போய் நின்றாலும் அதே ஆச்சரியம். இரண்டு புருவமும் நெற்றியில் பாதி தூரம் ஏறி நிற்கும். அதற்கு மேலே ஏர் ஓட்டிய மாதிரி கோடுகள். அக்கா சொல்வாள்: "கல்யாணத்தன்னைக்கு என்னைப் பார்த்து மனுஷன் அசந்து போயிட்டாருன்னு நெனச்சேன். மறுநாள் இட்லியைப் பார்த்தும் அப்படியேதான் அசந்தாரு."

அக்கா வீடு சிட்லபாக்கத்தில், ஏரிக்கரைக்கு இரண்டு தெரு தள்ளி. என் வீடு சேலையூரில். அக்கா புருஷனை நான் மச்சான் என்று கூப்பிடுவேன், அவரும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். அந்த ஒரே சொல் எங்கள் இருவருக்கும் நடுவே கேரம் காய் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். அவர் வேன் ஓட்டினார். பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக எழுந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. சேலையூர், சிட்லபாக்கம், மேடவாக்கம் என்று தெருத் தெருவாக நின்று, கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் அந்தக் கட்டடங்களில் இறக்கிவிடுவார். சொந்த வேன். வெள்ளை. அதைத் துடைக்கிற துணியை அக்காகூடத் தொடக் கூடாது.

ஓட்டும்போது மோவாயைத் தூக்கி, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்துக்கொள்வார். புதிதாக ஏறும் பிள்ளைகள், அண்ணாவுக்குக் கொஞ்சம் திமிர் என்று நினைப்பார்கள். திமிர் இல்லை. கண்ணுக்கு மேலே தோல் தளர்ந்து, மடிந்து, இமை மயிரின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது. துவைத்துத் துவைத்துத் தொளதொளத்த பனியன் கழுத்து மாதிரி. அந்த மடிப்புக்கு அடியில் இருக்கிற இடுக்கு வழியாகத்தான் அவர் உலகத்தைப் பார்த்தார். புருவத்தைத் தூக்கினால் மடிப்பும் தூங்குமூஞ்சித்தனத்தை விட்டுக் கொஞ்சம் மேலே ஏறும். அதற்காகத்தான் அந்த ஆச்சரியம். அவருக்கே தெரியாது. எங்களுக்கும் தெரியாது. முகம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று இருந்துவிட்டோம்.

அந்த வருஷம் நோன்பு மழைக்காலத்தில் வந்தது. ஒருநாள் காலை கேம்ப் ரோடு சந்திப்பில், தலைக்கு மேலே கம்பத்திலிருந்து கை நீட்டித் தொங்கும் சிவப்பு விளக்கைப் பார்க்காமல் மச்சான் வேனை விட்டுவிட்டார். குறுக்கே வந்த பஸ் பிரேக் போட்டு நின்றது. முன்சீட்டில் இருந்த பெண் "அண்ணா! ரெட்டு!" என்று கத்தினாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பஸ் டிரைவர் சொன்னதை மச்சான் கடைசிவரை என்னிடம் சொல்லவில்லை. "நோன்பு நேரத்துல அதெல்லாம் வாயில வரக்கூடாது மச்சான்" என்றார். சாயங்காலத்துக்குள் விஷயம் கம்பெனிக்குப் போய்விட்டது. வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற ஆள் மரியாதையாகத்தான் பேசினார்: பாய், கண் டாக்டர்கிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்துடுங்க, அதுவரைக்கும் பார்த்து ஓட்டுங்க.

கண் டாக்டர். அந்த வார்த்தையைத்தான் மச்சான் பல வருஷமாகச் சுற்றிக்கொண்டு போனார், பள்ளம் இருக்கிற தெருவைச் சுற்றிப் போவது மாதிரி. காரணம் அவருடைய அத்தா. அத்தாவுக்குக் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை போனது. வலி இல்லை, சிவப்பு இல்லை. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, யாரோ ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே வந்த மாதிரி. தெரிந்தபோது ஒரு ஜன்னல்தான் பாக்கி. அதுவும் போன பிறகு, ஒவ்வொரு வேளையும் பள்ளிவாசலுக்கு மகனின் தோளில் கை வைத்துத்தான் நடந்தார். "இன்னும் அந்தக் கை இங்க கீது மச்சான்" என்று மச்சான் வலது தோளைத் தொட்டுக் காட்டுவார். அவருக்குப் பிள்ளை இல்லை. கை வைத்து நடக்கத் தோள் இல்லை என்பதை அவர் சொன்னதில்லை.

தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்குப் பக்கம் ஒரு கண் மருத்துவமனை. நான் அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். பகல் மூன்று மணி. மச்சான் விடியலுக்கு முன் சஹருக்கு எழுந்து, சாப்பிட்டு, தொழுது, காலை டிரிப் முடித்து, மதிய டிரிப்பும் முடித்து, தண்ணீர்கூட இல்லாமல் நேரே வந்திருந்தார். பதிவு செய்யும் இடத்தில் இருந்த பெண் "தண்ணி ஏதாவது குடிச்சிட்டு உக்காருங்க சார், நேரமாகும்" என்றாள். "வேணாம்மா" என்றார். அவ்வளவுதான். நோன்பு என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அது ஒரு வளர்ப்பு. வைத்திருக்கிற நோன்பைச் சொல்லிக்காட்டினால் அது முகஸ்துதி. ஆண்டவனுக்கென்று பிடித்ததை ஆள் பார்க்கப் பிடித்ததாகிவிடும். நானும் நோன்புதான். நானும் வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் ஓர் அம்மா. நரைத்த முடியை இழுத்துப் பின்னியிருந்தார். அவசரமில்லாத குரல். காற்றை ஊதிப் பார்க்கிற மிஷினில் கண்ணழுத்தம் பார்த்தார்கள்; எல்லைக் கோட்டில் நின்றது. அத்தாவின் கதையைக் கேட்டார். "அப்ப ஃபீல்டு டெஸ்டு எடுத்துரலாம். கண்ணு நேரா பார்க்கும்போது மேல, கீழ, பக்கத்துல எவ்வளவு தூரம் தெரியுதுன்னு பார்க்கற டெஸ்டு. அப்புறம் சொட்டு மருந்து போட்டு, கண்ணு பாப்பாவைப் பெருசாக்கி, உள்ள நரம்பைப் பார்க்கணும்." சொட்டு மருந்து என்றதும் மச்சான் என்னைப் பார்த்தார், நோன்போடு அதைப் போடலாமா என்று கேட்கிற மாதிரி. பிறகு டாக்டரிடம், "சொட்டு இன்னொரு நாளைக்கு வச்சுக்கலாம் மேடம், வண்டி ஓட்டணும்" என்றார். அதுவும் உண்மைதான்.

இருட்டு அறை. நடுவில் அந்த மிஷின். பெரிய வெள்ளைக் கிண்ணம் ஒன்றை வாய் நம்மைப் பார்க்க நிறுத்தி வைத்த மாதிரி. மோவாயை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியை ஒரு பட்டையில் பதித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கிண்ணத்தின் நடுவில் இருக்கும் மஞ்சள் விளக்கை மட்டும் பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்கேயாவது சின்ன வெளிச்சப் பொட்டு ஒன்று மின்னும். மின்னினால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். பொட்டைத் தேடக் கூடாது. தேடாமல் பார்க்க வேண்டும். எனக்கு அந்த விதி பிடித்திருந்தது. மச்சானுக்கு அது ஆகவில்லை. முப்பது வருஷமாக இடது கண்ணாடி, வலது கண்ணாடி, மேல் கண்ணாடி என்று சுழன்ற கண். பொட்டு மின்னிய பக்கமெல்லாம் போய் வந்தது.

"சார், ஆடாதீங்க. நடு விளக்கை மட்டும் பாருங்க" என்றாள் மிஷின் பக்கத்தில் இருந்த பெண்.

"பக்கத்துல வண்டி வந்தா பார்க்காம எப்டிம்மா?"

"இங்க வண்டி வராது சார்."

மச்சான் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். மோவாயைப் பதித்து, மூச்சைக்கூடச் சின்னதாக்கி, முகம் முழுவதையும் கல்லாக்கிக்கொண்டார். ஆடாதே என்றால் ஆடாதே. கண் மட்டும் அல்ல. வாய், கன்னம், புருவம், நெற்றி, எதுவும் ஆடவில்லை. கதவோரம் ஸ்டூலில் இருந்த நான் பார்த்தேன்: அவர் நெற்றியில் கோடுகள் இல்லை. வழுவழுவென்று இருந்தது. என்ன அமைதி என்று நினைத்தேன். ஏசியின் குளிர், இருட்டு, விடியலுக்கு முன் தொடங்கிய நாள், காலி வயிறு. பொத்தானின் சத்தம் முதலில் அடிக்கடி கேட்டது. பிறகு மெல்ல மெல்லத் தூரம் தூரமாக.

தாளில் வந்தது படம். இரண்டு கண்ணுக்கும் இரண்டு வட்டம். இரண்டிலும் மேல்பாதி கறுப்பு. கீழ்பாதி வெள்ளை. நடுவில் ஒரு கோடு, ஏரித்தண்ணீரும் வானமும் தொடுகிற இடம் மாதிரி; ஆனால் இங்கே வானம்தான் இருண்டிருந்தது.

டாக்டர் அதை நீண்ட நேரம் பார்த்தார். "முடிவா ஒண்ணும் சொல்ல மாட்டேன். உங்க அத்தாவுக்கு இருந்ததால பயப்பட வேண்டிய படம்தான். ஆனா ஒரு படத்தை வச்சு நான் எழுத மாட்டேன். அடுத்த வாரம் வாங்க, நரம்பைப் பார்த்து, இந்த டெஸ்டையும் திரும்ப எடுப்போம். அதுவரைக்கும் வண்டி ஓட்டாதீங்க."

வெளியே வந்து நின்றோம். மழை தூறிக்கொண்டிருந்தது. மச்சான் வேன் சாவியை என்னிடம் நீட்டினார். எனக்கு ஓட்டத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். கடைசியில் அவருடைய நண்பர் ஒருவருக்குப் போன் போட்டோம், அவர் வந்து வேனை எடுத்துப்போனார். நாங்கள் பஸ்ஸில் போனோம். ஜன்னலோரம் உட்கார்ந்த மச்சான் வெளியே பார்க்கவில்லை.

"மேல்பாதி போயிடுச்சாம் மச்சான்" என்றார். "வானம் போச்சு. ரோடு மட்டும் கீது."

அந்த வாரம் நோன்பு திறக்க நான் தினமும் அக்கா வீட்டுக்குப் போனேன். பேரீச்சம்பழம், கஞ்சி, வடை. வேன் வாசலில் நனைந்துகொண்டு நின்றது. மச்சான் அதைத் துடைக்கவில்லை. ஒருநாள் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு போனபோது அவர் ஹாலில் கண்ணை இறுக மூடிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். ஒரு கை சுவரில். சோபாவைத் தாண்டி, பிரிட்ஜைத் தாண்டி, சமையல்கட்டு வாசலில் நின்று, கையால் துழாவித் தண்ணீர்க் குடத்தைக் கண்டுபிடித்து, அதன் மேல் கவிழ்த்திருந்த டம்ளரைத் தொட்டார். திரும்பி வந்தார். பழகிக்கொள்கிறார்.

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாத்துக்கு இந்தக் கண்ணாமூச்சி? கண்ணைத் தொறங்க. இல்லாட்டி வடைச்சட்டியில கையை வுடப்போறீங்க" என்றாள். குரல் கோபமாகத்தான் இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் நறுக்கி முடித்து நேரமாகியிருந்தது.

நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். என்னால் ஓரிடத்தில் இருக்க முடிவதில்லை. நல்ல செய்திக்கும் நடப்பேன், கெட்ட செய்திக்கும் நடப்பேன். ஏரிப் பக்கமிருந்து தவளைச் சத்தம். அவ்வளவு தவளைகளும் கண்ணால் பார்த்தா ஒன்றையொன்று கண்டுபிடிக்கின்றன என்று ஒரு யோசனை வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. நல்ல வேளை. கண்ணுள்ளவன் சொல்லும் ஆறுதல் அது.

இருபத்தொன்பதாம் நோன்பு. அன்று பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். மழை விட்டிருந்தது. மேற்கே மேகம் கிழிந்து, மாம்பழ நிறத்தில் ஒரு பட்டை வானம். நோன்பு திறந்து, தொழுதுவிட்டு, அக்கா வீட்டு மொட்டைமாடிக்கு எல்லோரும் ஏறினோம். பக்கத்து மாடிகளிலும் ஆட்கள். பிறை தேடுவது எங்கள் ஜனங்களுக்கு ஒரு விளையாட்டு. டிவியில் சொல்லிவிடுவார்கள், பள்ளிவாசலில் அறிவித்துவிடுவார்கள், இருந்தும் கழுத்து வலிக்கத் தேடுவோம். "அதோ" என்று யாராவது கத்துவார்கள். பார்த்தால் அறுந்த பட்டமாக இருக்கும்.

மச்சான் வரமாட்டேன் என்றுதான் சொன்னார். "வானம் இல்லாதவனுக்கு இன்னா பிறை?" அக்கா விடவில்லை. "நீங்க டேங்க்கைப் பாருங்க, நாங்க பிறையைப் பார்க்கறோம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவரும் வீம்புக்கென்று எதிர்வீட்டுக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். தொழுகைக்கு ஒளு செய்து கழுவிய முகம் இன்னும் ஈரமாக இருந்தது. உள்ளங்கையால் முகத்தைத் துடைத்து, நெற்றிவரை வழித்து, கையை அங்கேயே, முடி தொடங்கும் இடத்தில், அழுத்தி வைத்துக்கொண்டார். தலைவலிக்காரர்கள் நிற்பது மாதிரி.

"தோ கீது" என்றார்.

யாரும் கவனிக்கவில்லை.

"தோ கீது பாருங்கப்பா. டேங்க்குக்கு மேல. தென்னமட்டைக்கு இந்தாண்ட."

இருந்தது. நகம் வெட்டிப்போட்ட மாதிரி, அதைவிட மெல்லிசாக, இருக்கிறதா இல்லையா என்று அதற்கே சந்தேகமான ஒரு பிறை. அக்கா சலாம் சொல்லி, துஆவுக்குக் கையேந்தினாள். மச்சானும் கையேந்த நெற்றியிலிருந்து கையை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார்.

"போச்சு."

"எது போச்சு?" என்றேன்.

அவர் கண்ணைத் தொட்டியிலிருந்து நகர்த்தவில்லை. கையை மறுபடி நெற்றியில் வைத்து மேலே வழித்தார். "வந்துச்சு." கையை எடுத்தார். "போச்சு." வைத்தார். "வந்துச்சு மச்சான்."

அக்கா துஆவைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "இன்னா, பிறைக்கு ஸ்விட்ச் போட்டுக்கினு இருக்கீங்களா?"

அப்போதுதான் எனக்கு அந்த இருட்டு அறையில் பார்த்த வழுவழு நெற்றி ஞாபகம் வந்தது. அமைதி என்று நான் நினைத்தது அமைதி இல்லை. கூரை இறங்கியிருந்தது. மாடியின் கைப்பிடிச் சுவரை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மச்சான் சின்னப் பிள்ளை மாதிரி கையை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். பிறை இறங்கும் வரை எடுத்துக்கொண்டிருந்தார்.

பெருநாள் கழித்து மறுபடி போனோம். மச்சான் நன்றாகத் தூங்கி எழுந்து, இரண்டு டீ குடித்திருந்தார். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னார்: நோன்பு, பிறை, கை. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அன்னைக்கு விடியலுக்கு முன்னாடி எழுந்து, ஒண்ணும் சாப்பிடாம உக்காந்திருக்கீங்க. ஏன் சார் சொல்லலை?"

"அதெல்லாம் சொல்லிக்கக் கூடாது மேடம்."

"கடவுள்கிட்ட சொல்லிக்க வேணாம். டாக்டர்கிட்ட சொல்லலாம்ல?"

பிறகு அவர் மச்சானின் புருவத்தைக் கட்டைவிரலால் மெல்ல அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறக்கச் சொன்னார். தோல் மடிப்பு கருவிழியின் மேல் வந்து விழுந்தது. "உங்க நெத்தி சதை நாள் முழுக்கத் தூக்குவேலை பார்த்துக்கிட்டு இருக்கு சார். களைச்சுப் போனா விட்டுடும். நீங்க வேற ஆடக் கூடாதுன்னு அதையும் விட்டுட்டீங்க. பொட்டு மின்னினது, இமைத்தோல் மறைச்சது. வெளிச்சம் ஏன் தெரியலைன்னு மிஷினுக்குத் தெரியாது. நரம்பு செத்தாலும் கறுப்புதான் போடும், தோல் தொங்கினாலும் கறுப்புதான் போடும்." பேனாவை மறுபடி எடுத்து, "ஆனா இன்னும் எடுத்துப் பார்க்கலை. சந்தோஷத்தை அப்புறமா வச்சுக்கலாம்" என்றார்.

அன்று இரண்டு தடவை எடுத்தார்கள். முதலில் அப்படியே. பிறகு, இமைத்தோலைத் தூக்கி, மெல்லிய பிளாஸ்திரி ஒட்டிப் புருவத்தோடு சேர்த்துவிட்டு. கண் சிமிட்ட முடிகிறதா என்று பார்த்துக்கொண்டார்கள். பிளாஸ்திரி ஒட்டிய மச்சானைப் பார்த்து அந்த மிஷின் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "சார், பேயைப் பார்த்த மாதிரி இருக்கீங்க." மச்சான், "என் வூட்டுக்காரி இருந்தா, இதுவும் இட்லி பார்த்த மூஞ்சிதான்னு சொல்லுவா" என்றார்.

நான் வெளியே வராந்தாவில் நடந்தேன். பொத்தான் சத்தம் கதவு வழியாகக் கேட்கிறதா என்று நின்று நின்று கேட்டேன். கேட்கவில்லை. வேப்பமரத்திலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒழுங்கில்லாமல், எங்கே விழும் என்று தெரியாமல். நானும் தேடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேசையில் இரண்டு தாள். பிளாஸ்திரி இல்லாததில் மேலே கறுப்பு இருந்தது, முந்தையதைவிடக் குறைவாக. பிளாஸ்திரி போட்டதில் வலது வட்டம் வெள்ளை. முழு வெள்ளை. இடது வட்டமும் வெள்ளைதான். மூக்குப் பக்கம் மட்டும், சற்று மேலே, ஒரு சாம்பல் கறை. பிளாஸ்திரி தூக்கியும் போகாத கறை.

சொட்டு மருந்து ஊற்றி, டாக்டர் விளக்கோடு உள்ளே நுழைந்து நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்தார். "வலது நரம்பு நல்லா இருக்கு. இடதுல லேசா தேய்மானம் ஆரம்பிச்சிருக்கு. அந்தக் கறை நிஜம். அத்தாவுக்கு வந்தது இதுதான், ஆனா அவர் கடைசியில வந்தாரு, நீங்க முதல்ல வந்துட்டீங்க. தினம் சொட்டு போடணும், நான் வரச் சொல்றப்ப வந்து இந்த டெஸ்டை எடுக்கணும். இமைத்தோலைச் சின்னதா வெட்டித் தைச்சிடலாம். அது ஆறினதும் வண்டி எடுங்க. நான் எழுதித் தரேன்."

மச்சான் அந்தச் சாம்பல் கறையின் மேல் விரலை வைத்தார். வெகுநேரம் எடுக்கவில்லை. "இது அத்தாவோடது" என்றார். பயந்த குரலாக இல்லை. பழைய சட்டைப் பையில் அகப்பட்டதை எடுத்துக் காட்டுகிற குரல்.

ஆட்டோவில் திரும்பினோம். சொட்டு மருந்தில் கண்ணின் பாப்பா அகன்று, வெளிச்சம் கூசியது அவருக்கு. இருந்தும் பிளாஸ்திரியைப் பிரிக்க மாட்டேன் என்றுவிட்டார். ஆட்டோவின் பக்கவாட்டில் தலையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைகளின் மேல்மாடி போர்டுகள், கேபிள் டிவி ஒயர்கள், அதில் வரிசையாகக் காக்கைகள், யாரோ காயப்போட்டு மறந்த நீலப் போர்வை, மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானத்தின் வெள்ளை வயிறு. "இவ்ளோ மேல கீதா மச்சான் ஊரு?" ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "இன்னா பாய், ஊருக்குப் புச்சா?" என்றார். "ஆமாப்பா" என்றார் மச்சான்.

இமையைத் தைத்தார்கள். ஆறியது. வேனைத் துடைத்தார். புருவம் தன் இடத்துக்கு இறங்கி, நெற்றிக் கோடுகள் மங்கி, ஆச்சரியம் போய்விட்டது. முதல் வாரம் வேனில் பிள்ளைகள் கிசுகிசுத்தார்களாம், அண்ணா யார் மேலயோ கோபமா இருக்காரு என்று. அக்காவின் குறை வேறு. இத்தனை வருஷம் கண்ணில் படாத ஒட்டடையெல்லாம் இப்போது அவருக்குத் தெரிகிறது.

மறு வருஷம் நோன்பில் டெஸ்டுக்கு நாள் வந்தது. பகல் மூன்று மணிக்கு வரச் சொல்லிப் போன் வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். மச்சான் போனைக் காதில் வைத்து, ஒரு கணம் என்னைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அம்மா, நான் நோன்பு வச்சிருக்கேன். மூணு மணிக்குக் கண்ணு சொக்கிடும். காலையில முதல் ஆளா வரட்டுமா?"

காலையில் போனோம். கறை வளரவில்லை. அதே இடம், அதே அளவு. சாயங்காலம் நோன்பு திறந்து, கஞ்சி குடித்து முடித்ததும் மச்சான் நாற்காலியில் தலையைச் சாய்த்தார். அக்கா சொட்டு மருந்துக் குப்பியோடு வந்து, அவர் நெற்றியில் கை வைத்து, மேலே வழித்துப் பிடித்துக்கொண்டாள். இப்போது அதற்குத் தேவையே இல்லை. தோல் அங்கே இல்லை. இருந்தும் பிடித்துக்கொண்டாள்.

"மேல பாருங்க" என்றாள்.

பார்த்தார்.